மெய்ன் கடலோரம்: அக்டோபரில் ஒரு வாரம் எப்படிப் போகலாம்?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நியூ ஜெர்சியில் இருக்கும் ஒரு குடும்பம், ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா அம்மாவையும் கூட்டிக்கொண்டு, அக்டோபரில் மெய்ன் மாநிலக் கடலோரமாகக் காரில் போக நினைக்கிறது. கையில் ஒரு வாரம். தெற்கே கிட்டரியில் தொடங்கிக் கிழக்குக் கோடியில் இருக்கும் லூபெக் வரை ரூட் 1 சாலையிலேயே போய், வழியில் வரும் கலங்கரை விளக்கங்களை எல்லாம் பார்த்துவிடலாமா, ஒரு நாளைக்கு எத்தனை மைல் ஓட்டலாம் என்று கேட்டிருக்கிறீர்கள்.

போகலாம். ஆனால் அப்படிப் போனால் கடலைக் குறைவாகத்தான் பார்ப்பீர்கள். ரூட் 1 கடலோரச் சாலை என்று பெயர் வாங்கியிருந்தாலும், பெரும்பாலும் ஊர்களுக்குள்ளும் மரங்களுக்கு நடுவிலும்தான் ஓடுகிறது. பாலம் வரும்போது இரண்டு பக்கமும் கொஞ்சம் தண்ணீர் தெரியும், மறுபடி மரங்கள் வந்து மூடிக்கொள்ளும். மெய்னின் கரையை நேர்க்கோட்டில் அளந்தால் சுமார் 230 மைல்தான். அதையே ஒவ்வொரு குடாவுக்குள்ளும் புகுந்து, தீவுகளையும் சுற்றி அளந்தால் ஏறக்குறைய 3,500 மைல் வருகிறது. அந்த 3,500 மைலில்தான் நீங்கள் தேடிப்போகும் பாறைகள் இருக்கின்றன. ரூட் 1 அதன் தலைப்பை மட்டும் தொட்டுக்கொண்டு போகிறது.

இப்படி ஆனதற்குக் காரணம் பனியுகம். ஒரு மைல் கனத்துக்குப் பனிப்பாளம் இந்த நிலத்தின் மேல் உட்கார்ந்து, அதை அமுக்கி, பள்ளத்தாக்குகளைத் தோண்டிவிட்டு உருகிப் போனது. கடல் அந்தப் பள்ளத்தாக்குகளுக்குள் ஏறிக்கொண்டது. நடுவில் நின்ற மேடுகள் கையை விரித்து வைத்ததுபோல் தெற்கு நோக்கி நீண்ட தீபகற்பங்களாகவும், அவற்றுக்கு அப்பால் தீவுகளாகவும் மிஞ்சின. ஒரு விரல் நுனியிலிருந்து அடுத்த விரல் நுனி கண்ணுக்கெட்டும் தூரத்தில் தெரியும். ஆனால் காரில் போக வேண்டுமென்றால் பதினைந்து மைல் மேலே ஏறி ரூட் 1-ஐத் தொட்டு, மறுபடி பதினைந்து மைல் கீழே இறங்க வேண்டும். அதனால் ஒரு நாளைக்கு எத்தனை மைல் என்று யோசிக்காமல், ஒரு நாளைக்கு எந்த விரல் என்று யோசியுங்கள். ஒன்று போதும், மிஞ்சிப் போனால் இரண்டு. ஒவ்வொரு இரவும் வேறு வேறு ஊரில் பெட்டியைப் பிரித்துக் கட்டுவது பெரியவர்களுக்குச் சிரமம். நடுக் கடலோரத்தில் இரண்டு இரவு, அகேடியா தேசியப் பூங்கா இருக்கும் மவுண்ட் டெசர்ட் தீவில் மூன்று இரவு, முடிந்தால் லூபெக்கில் ஒரு இரவு. இதுதான் என் யோசனை.

எந்த வாரம் என்பது முக்கியம். மெய்னின் வடக்கிலும் உள்நாட்டு மலைகளிலும் செப்டம்பர் கடைசியிலேயே இலைகள் நிறம் மாறிவிடும். கடலோரம் தாமதம், கோடையில் வாங்கிய வெப்பத்தைக் கடல் மெதுவாகத்தான் விடுகிறது, அதனால் கரையோர மரங்களுக்குக் குளிர் பிந்தித்தான் எட்டுகிறது. வழக்கமாக அக்டோபர் இரண்டாம், மூன்றாம் வாரங்கள்தான் இங்கே உச்சம். அக்டோபர் இரண்டாவது திங்கட்கிழமை விடுமுறை நாள். அந்த வார இறுதியில் பாதி பாஸ்டன் இங்கேதான் இருக்கும். விடுமுறை முடிந்த செவ்வாய்க்கிழமை கிளம்பினால் கூட்டம் சட்டென்று வடிந்திருக்கும். அதற்கு ஒரு விலையும் உண்டு: அந்தத் திங்களோடு பல உணவகங்களும் படகுச் சவாரிகளும் பருவத்தை முடித்துவிடும், அகேடியா தேசியப் பூங்காவின் இலவசப் பேருந்தும் நின்றுவிடும். கார் உங்களிடம் இருப்பதால் கவலையில்லை. பாதி மூடிய ஊராக இருந்தாலும் பாறைகளில் கூட்டமில்லாமல் உட்காரும் அந்த வாரத்தையே நான் எடுப்பேன்.

முதல் நாள் நியூ ஜெர்சியிலிருந்து நெடுஞ்சாலையிலேயே வாருங்கள். போர்ட்லண்ட் வர ஆறேழு மணி நேரம் ஆகும். தெற்கு மெய்ன் மணல் கடற்கரைப் பகுதி. நீங்கள் தேடும் கரை அங்கே இன்னும் தொடங்கவில்லை. நடுவில் கால் நீட்ட வேண்டுமென்றால் யார்க் ஊரில் நபிள் கலங்கரை விளக்கம் இருக்கிறது. சின்னத் தீவின் மேல் நிற்கும் அதை எதிர்க்கரையில் காரை நிறுத்தியே பார்த்துவிடலாம். போர்ட்லண்ட் ஹெட் விளக்கத்துக்கு மட்டும் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். ஜார்ஜ் வாஷிங்டன் ஜனாதிபதியாக இருந்தபோது கட்டி முடித்து 1791-ல் ஏற்றிய விளக்கு அது. சுற்றியுள்ள ஃபோர்ட் வில்லியம்ஸ் பூங்காவில் சமதளமான நடைபாதை உண்டு, பெரியவர்கள் நிதானமாக நடக்கலாம்.

இரண்டாம் நாள் பெமக்விட் முனை. கடலோரம் முழுவதிலும் ஒரே ஒரு விரலுக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் இங்கே போகச் சொல்வேன். டமரிஸ்காட்டா ஊரில் ரூட் 1-ஐ விட்டுத் தெற்கே திரும்பினால் அரை மணி நேரத்துக்குள் சாலை முடிகிற இடம் இது. மெய்ன் மாநிலத்துக்காக 2003-ல் வெளியிட்ட 25 சென்ட் நாணயத்தில் இருப்பது இந்தக் கலங்கரை விளக்கம்தான். ஆனால் நான் உங்களைப் போகச் சொல்வது விளக்கத்துக்காக இல்லை, அதன் கீழே இருக்கும் பாறைக்காக. பூமிக்கடியில் வெந்து மடிந்து, பிறகு செங்குத்தாகத் திரும்பிக்கொண்ட பாறை அது. சாம்பலும் கறுப்புமாகப் பட்டை பட்டையாக, கரையிலிருந்து நேராகக் கடலுக்குள் ஓடுகிறது. அந்தப் பட்டைகளுக்கு நடுவே வெள்ளையும் இளஞ்சிவப்புமாகப் பெரிய பெரிய படிகங்களோடு கிரானைட் நரம்புகள் புகுந்திருக்கின்றன. பாறை உருகிய நிலையில் விரிசல்களுக்குள் பாய்ந்து உறைந்த தடம் அது. அலை இந்தப் பள்ளங்கள் வழியாகவே ஓடிவந்து மேலே ஏறுவதால், எந்தப் பள்ளத்தில் எவ்வளவு உயரம் வரும் என்று பார்த்துக்கொண்டே நேரம் போய்விடும். மேலே புல்வெளியில் பெஞ்சுகள் இருக்கின்றன. அப்பா அம்மா அங்கிருந்தே எல்லாவற்றையும் பார்க்கலாம். மழை விட்ட மறுநாள், பாறைப் பள்ளத்தில் தேங்கிய தண்ணீரில் விளக்கத்தின் நிழல் விழும். படம் எடுப்பவர்கள் அதற்காகவே வருகிறார்கள்.

அங்கிருந்து கேம்டன். துறைமுகத்தில் பழைய பாய்மரக் கப்பல்கள், பின்னால் குன்று, குன்று முழுக்கச் சிவந்த மேப்பிள். பேட்டி குன்றின் உச்சிவரை கார் போகும் என்பது உங்களுக்குப் பெரிய சௌகரியம். மேலிருந்து பெனோப்ஸ்காட் வளைகுடாவும் அதில் சிதறிய தீவுகளும் தெரியும். நான் முன்பு சொன்ன விரல்களும் இடுக்குகளும் இங்கே கண்முன்னே விரிந்து கிடக்கும். பக்கத்து ராக்லண்டில் கடலுக்குள் முக்கால் மைலுக்கு மேல் நீளும் கருங்கல் அலைதடுப்பு ஒன்று இருக்கிறது, அதன் நுனியில் ஒரு விளக்கம். பிள்ளைகளுக்கு அந்த நடை ரொம்பப் பிடிக்கும். ஆனால் கைப்பிடி கிடையாது, கற்களுக்கு நடுவே கால் நுழையும் அளவுக்கு இடைவெளி உண்டு, ஈரமாக இருந்தால் வழுக்கும். முழங்கால் வலி இருப்பவர்களைக் கூட்டிப்போக வேண்டாம்.

கிழக்கே போகும் வழியில் பெனோப்ஸ்காட் ஆற்றின் மேல், உயரமான தூண்களிலிருந்து இழுத்துக் கட்டிய கம்பிவடங்கள் தாங்கும் ஒரு பாலம் வரும். அதன் தூணுக்குள் லிஃப்டில் ஏறினால் 420 அடி உயரத்தில் கண்ணாடி அறை. ஆறு கடலைச் சேரும் பாதையும் இரண்டு கரையிலும் காடு நிறம் மாறியிருப்பதும் ஒரே பார்வையில் தெரியும். அதிகம் நடக்க வேண்டியதில்லை. அக்டோபர் கடைசியோடு மூடிவிடுவார்கள்.

அப்புறம் மவுண்ட் டெசர்ட் தீவு. அகேடியா தேசியப் பூங்காவின் பெரும்பகுதி இங்கேதான். 27 மைல் சுற்றும் பூங்காச் சாலையை ஒரே மூச்சில் ஓட்டி முடித்துவிட்டு, "பார்த்தாச்சு" என்று திரும்புகிறவர்கள் ஏராளம். நீங்கள் மூன்று இரவு தங்குங்கள்.

இங்கே இலையுதிர் நிறத்துக்கு ஒரு வரலாறு இருக்கிறது. 1947 அக்டோபரில், வறண்ட கோடைக்குப் பிறகு, தீவில் காட்டுத்தீ பிடித்தது. சில நாட்கள் மெதுவாகப் புகைந்துகொண்டிருந்தது, பிறகு புயல் வேகக் காற்றில் சிக்கி ஓட ஆரம்பித்தது. 17,000 ஏக்கருக்கு மேல் எரிந்தது. தீவின் முக்கிய ஊரான பார் ஹார்பரில் பெரும் பணக்காரர்கள் கட்டியிருந்த கோடை மாளிகைகள் வரிசையாகச் சாம்பலாயின. எரிந்த இடத்தில் பெரும்பாலும் ஸ்ப்ரூஸ், ஃபர் போன்ற ஊசியிலை மரங்கள்தான் நின்றிருந்தன. அவை போனதும் வெயில் தரையில் விழுந்தது. வெயிலை விரும்பும் பிர்ச்சும் ஆஸ்பெனும் முளைத்து எழுந்தன. இன்று தீவின் கிழக்குப் பாதியில் மஞ்சளும் ஆரஞ்சுமாக மலைச்சரிவு எரிவதற்கு அந்த நெருப்புதான் காரணம். தீ எட்டாத மேற்குப் பாதிக்குப் போனால் காடு கரும்பச்சையாகவே இருக்கும். காரில் கிழக்கிலிருந்து மேற்கே போகும்போது இந்த மாற்றத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள்.

கேடிலாக் மலை 1,530 அடி. அமெரிக்காவின் அட்லாண்டிக் கரையில் இதைவிட உயரமான மலை கிடையாது. அக்டோபர் முதல் வாரம் முடிந்ததிலிருந்து மார்ச் தொடக்கம் வரை, அமெரிக்காவில் சூரியன் முதலில் படும் இடம் இந்த உச்சிதான் என்பார்கள். உச்சிக்குக் காரில் போக அக்டோபர் பிற்பகுதி வரை முன்பதிவு கட்டாயம். சூரிய உதய நேரத்துக்குத் தனிச் சீட்டு. பெற்றோருக்கு விடியலுக்கு முன் எழுந்து குளிர்காற்றில் நிற்பது சிரமம் என்றால் மாலையில் போங்கள், மேற்கு நோக்கிய காட்சியும் அழகுதான். அக்டோபர் நடுவில் 6:45 வாக்கில் உதித்து, மாலை 5:45 வாக்கிலேயே சூரியன் மறைந்துவிடும். திட்டம் போடும்போது இந்தக் குறுகிய பகலைக் கணக்கில் வையுங்கள்.

இனி, இந்தப் பயணத்தில் நான் எல்லாவற்றுக்கும் மேலாக வைக்கும் விஷயம்: கடல் ஏறும் நேரமும் வற்றும் நேரமும். சென்னையில் கடல் ஏறி இறங்குவது சுமார் ஒரு மீட்டர்தான், மெரினாவில் நிற்பவருக்கு அது தெரியவே தெரியாது. பார் ஹார்பரில் அது பத்து, பதினொரு அடி. லூபெக் பக்கம் போனால் பதினெட்டு, இருபது அடி. அதற்கும் அப்பால் இருக்கும் ஃபண்டி வளைகுடாவின் நீளமும் ஆழமும், கடல் ஒருமுறை ஏறி இறங்க எடுத்துக்கொள்ளும் பன்னிரண்டரை மணி நேரத்தோடு ஏறக்குறைய ஒத்துப்போவதால், ஒவ்வொரு ஓதமும், அதாவது கடல் ஏற்றமும், முந்தையதை ஊக்கி இவ்வளவு உயரம் ஏறுகிறது. காலையில் படகு மிதந்த இடத்தில் மதியம் சேறும் பாசியும் மட்டும் கிடக்கும். ஒரே இடத்தை இரண்டு தடவை பார்த்தால் இரண்டு வேறு இடங்கள்.

அதனால் அறையில் காபி குடிக்கும்போதே அன்றைய ஓத அட்டவணையைப் பார்த்துவிடுங்கள். உதாரணமாக, பகல் பன்னிரண்டு மணிக்குக் கடல் நன்றாக வற்றும் நாள் என்று வைத்துக்கொள்வோம். பார் ஹார்பரிலிருந்து எதிரே இருக்கும் பார் தீவுக்குக் கடலடியிலிருந்து ஒரு சரளைக்கல் பாதை வெளியே வரும். வற்றிய நேரத்துக்கு முன்னும் பின்னும் ஒன்றரை மணி நேரம் நடந்து போய்வரலாம். நேரம் தவறினால் அடுத்த வற்றம் வரை தீவிலேயே நிற்க வேண்டியதுதான். அதே நாள் மாலை ஆறு மணி வாக்கில் கடல் முழுதாக ஏறும். பூங்காச் சாலையில் தண்டர் ஹோல் என்று ஒரு பாறைப் பிளவு இருக்கிறது; உள்ளே குடைந்த பொந்தில் அலை புகுந்து, அடைபட்ட காற்றை அமுக்கி வெளியே தள்ளும்போது இடிபோல் முழங்கும். அது நன்றாக முழங்குவது கடல் முழுதாக ஏறுவதற்கு ஒன்று, இரண்டு மணி நேரம் முன்பு. ஆக, மதியம் பார் தீவு, நாலரை மணிக்குத் தண்டர் ஹோல். மறுநாள் எல்லாம் சுமார் ஐம்பது நிமிடம் தள்ளிப்போகும். அட்டவணை பார்க்காமல் வந்தவர்கள் தண்டர் ஹோலில் ஒரு சின்னக் களக் களக் சத்தத்தைக் கேட்டுவிட்டு, இதற்கா இவ்வளவு பேச்சு என்று திரும்பிப் போவதை அடிக்கடி பார்க்கலாம்.

இங்கே ஒரு எச்சரிக்கை, இதை இலேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். இலையுதிர் காலத்தின் தொடக்கம் அட்லாண்டிக்கில் புயல் பருவம். வானம் நீலமாக இருக்கும், புயல் நூற்றுக்கணக்கான மைல் தூரத்தில் இருக்கும், ஆனால் அதன் அலைகள் கரைக்கு வந்துவிடும். 2009 ஆகஸ்டில் பில் என்ற புயல் கடந்தபோது தண்டர் ஹோல் அருகே வேடிக்கை பார்த்தவர்களை அலை இழுத்துப்போய், ஏழு வயதுச் சிறுமி இறந்தாள். பாறை கறுத்தோ ஈரமாகவோ இருந்தால் அலை அதுவரை வருகிறது என்று பொருள். அந்தக் கறுப்பு ஒருவகை நுண்ணுயிர்ப் படலம், நனைந்தால் காலே நிற்காது. காய்ந்த, வெளிறிய பாறையில் மட்டும் உட்காருங்கள். கடலுக்கு முதுகைக் காட்டிப் படம் எடுக்காதீர்கள்.

பெரியவர்களுக்கு ஜோர்டன் குளம் பக்கம் நன்றாக இருக்கும். பெரும் பணக்காரரான ஜான் டி. ராக்ஃபெல்லர் ஜூனியர், கார்கள் நுழையாத குதிரை வண்டிச் சாலைகளை இந்தத் தீவில் 1913 முதல் 1940 வரை போட்டார். பூங்காவுக்குள் இன்றைக்கும் 45 மைல் இருக்கின்றன. ஏற்றம் மிதமாகவும் தரை சமமாகவும் இருக்கும், கல் பாலங்களின் கீழே ஓடை போகும். குளக்கரை உணவகத்தில் பாப்ஓவர் என்று உள்ளே காற்றாக உப்பிய ரொட்டியைச் சூடாக வெண்ணெயும் ஜாமும் வைத்துத் தருவார்கள்.

ஒரு முழு நாளை ஸ்கூடிக் தீபகற்பத்துக்குக் கொடுங்கள். அகேடியாவின் ஒரு பகுதிதான், ஆனால் தீவிலிருந்து வளைகுடாவைச் சுற்றி ஒரு மணி நேரத்துக்கும் மேல் ஓட்ட வேண்டும் என்பதால் பெரும்பாலோர் வருவதில்லை. ஒருவழிப் பாதை, ஆறு மைல், ஒரு பக்கம் எப்போதும் கடல். நுனியில் இளஞ்சிவப்புக் கிரானைட் பாளங்கள் சாய்ந்து கடலுக்குள் இறங்குகின்றன. அவற்றைக் குறுக்கே வெட்டிக்கொண்டு கன்னங்கரேலென்று வேறொரு பாறை ஓடுகிறது. கிரானைட் விரிசல் விட்ட காலத்தில் கீழிருந்து ஏறி உறைந்த எரிமலைக் குழம்பு அது. கிரானைட்டைவிட இது சீக்கிரம் உடைவதால், அலை அந்தக் கறுப்புக் கோட்டை மட்டும் தோண்டித் தோண்டிப் பள்ளமாக்கி வைத்திருக்கிறது. போகும்போது சாப்பாடு கட்டி எடுத்துக்கொண்டு போங்கள், அங்கே கடை கிடையாது. புளிசாதமும் உருளைக்கிழங்கும் வைத்துக்கொண்டு ஒரு மத்தியானம் முழுக்க அந்தப் பாளத்தில் உட்காரலாம். இந்தக் கரையின் தன்மை அப்போதுதான் பிடிபடும்.

லூபெக் போக நேரம் இருந்தால், வழியில் செர்ரிஃபீல்ட், கொலம்பியா பக்கம் ரூட் 1-ஐ விட்டு உள்ளே திரும்புங்கள். பனிப்பாளம் கொட்டிவிட்டுப் போன மணல் மேட்டில் காட்டு ப்ளூபெர்ரி வயல்கள். செடி முழங்கால் உயரம்கூட இருக்காது. ஆகஸ்டில் அறுவடை முடிந்து, அக்டோபரில் அந்தச் செடிகள் இலை சிவந்து நிற்கும்போது, அடிவானம் வரை தரையே குங்குமச் சிவப்பு. மேப்பிள் மரத்துக்கு வரும் கூட்டத்தில் நூறில் ஒரு பங்குகூட இங்கே வராது என்பதுதான் எனக்கு ஆச்சரியம். தனியார் வயல்கள் அவை. சாலையோரம் நின்று பாருங்கள், உள்ளே இறங்காதீர்கள்.

லூபெக்கில் வெஸ்ட் குவாடி ஹெட் கலங்கரை விளக்கம், சிவப்பும் வெள்ளையுமாகப் பட்டை போட்டது, அமெரிக்கப் பெருநிலத்தின் கிழக்குக் கோடியில் நிற்கிறது. பக்கத்துப் பாறை விளிம்பில் நடைபாதை உண்டு. ஊரிலிருந்து ஒரு பாலம் கனடாவின் கேம்பொபெல்லோ தீவுக்குப் போகிறது. பின்னாளில் அமெரிக்க ஜனாதிபதியான ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டின் கோடை வீடு அங்கே இருக்கிறது, 1921-ல் அவருக்கு இளம்பிள்ளைவாதம் தாக்கியது அங்கேதான். ஆனால் அது பன்னாட்டு எல்லை. இந்தியப் பாஸ்போர்ட்டில் சுற்றுலா விசாவில் வந்திருக்கும் பெற்றோருக்குக் கனடா விசா தனியாக வேண்டும், அமெரிக்காவுக்குத் திரும்பி நுழைவதிலும் சிக்கல் வரலாம். தாள்கள் எல்லாம் சரியாக இல்லாமல் பாலத்தில் ஏறவே வேண்டாம். இன்னொன்று: இங்கே கைபேசி கனடாக் கோபுரத்தைப் பிடித்துக்கொண்டு ஒரு மணி நேரம் முன்னதாகக் காட்டும். ஓத நேரம் பார்த்து நடக்கிறவர்கள் கைக்கடிகாரத்தை நம்புங்கள்.

சாப்பாடு விஷயம். அசைவம் சாப்பிடுகிறவர்களுக்குச் சிங்கி இறால்தான் இந்த ஊர். வாசலில் விறகடுப்பு மூட்டிக் கடல்நீரில் வேகவைத்துத் தரும் கடைகளில் சாப்பிடுங்கள். இளம் ஓடு உள்ளதில் சதை குறைவு, ஆனால் இனிப்பு அதிகம், கையாலேயே உடைத்துவிடலாம். துறைமுகங்களில் மிதக்கும் வண்ண மிதவைகளைக் கவனியுங்கள். ஒவ்வொரு மீனவருக்கும் தனி நிறச் சேர்க்கை, அடியில் அவர் இறால் பிடிக்க இறக்கி வைத்த கூடு. முட்டை சுமக்கும் பெண் இறாலைப் பிடித்தால், வாலில் ஒரு சின்ன வெட்டுக் குறி போட்டுக் கடலிலேயே விட வேண்டும் என்பது சட்டம். அந்தக் குறி உள்ள இறாலைப் பிறகு யார் பிடித்தாலும் விட்டுவிட வேண்டும். சைவக்காரர்களுக்கு போர்ட்லண்டில் பிரச்சினை இல்லை. தீவுக்குப் போகும் வழியில் இருக்கும் எல்ஸ்வர்த் ஊரைத் தாண்டிக் கிழக்கே போனால் பீட்சாவும் ப்ளூபெர்ரி பையும்தான் மிஞ்சும், சூப்பில்கூட கிளிஞ்சல் கிடக்கும். சமையலறை உள்ள அறையாக எடுத்து, குக்கரும் அரிசியும் பருப்பும் கொண்டுபோவது நல்லது.

பகலில் பத்துப் பதினைந்து டிகிரி செல்சியஸ், இரவில் ஐந்துக்குக் கீழே இறங்கலாம், பாறை மேல் காற்று அதைவிடக் குளிராக இருக்கும். பெற்றோருக்குக் காது மூடும் தொப்பியும் காற்றுத் தடுக்கும் மேலங்கியும் கட்டாயம். இருட்டிய பிறகு ரூட் 1-ல் மெதுவாக ஓட்டுங்கள். மான்களும், கிழக்கே போகப் போக மூஸ் என்ற மிகப் பெரிய மான்களும் சாலையைக் கடக்கும் பருவம் இது. மூஸின் கால்கள் நீளம் என்பதால் அதன் கண் ஹெட்லைட்டில் மின்னாது, கறுத்த உடம்பு அருகில் வரும்வரை தெரியாது.

திரும்பும்போது கரையோரமாக வர வேண்டாம். பாங்கோர் போய் நெடுஞ்சாலையைப் பிடித்து ஒரே நாளில் வந்துவிடுங்கள்.

முன்கூட்டியே செய்ய வேண்டியவை இரண்டுதான். ஒன்று, பார் ஹார்பரில் அறை. கிடைக்காவிட்டால் தீவின் மேற்குப் பக்கம் சவுத்வெஸ்ட் ஹார்பரில் பாருங்கள், அமைதியாக இருக்கும். இரண்டு, கேடிலாக் சீட்டு. ஒரு பகுதியை 90 நாள் முன்பும், மீதிப் பெரும்பகுதியை இரண்டு நாள் முன்பு காலை பத்து மணிக்கும் திறக்கிறார்கள். வானிலையைப் பார்த்துவிட்டு இரண்டாவது வாய்ப்பில் எடுப்பதுதான் புத்திசாலித்தனம். இது பூங்கா நுழைவுச் சீட்டுக்கு மேல் தனியாக வாங்க வேண்டியது. 2026 முதல் அமெரிக்காவில் வசிக்காதவர்களுக்கு அகேடியாவில் கூடுதல் நுழைவுக் கட்டணம் உண்டு, பெற்றோரும் அதில் வருவார்கள். கிளம்பும் முன் பூங்காவின் இணையதளத்தில் எது மலிவு, ஆண்டுச் சீட்டா தனிச் சீட்டா என்று கணக்குப் போட்டுப் பார்த்து வாங்குங்கள்.